ஒவ்வொரு கடைக்கும் 0 மாம்பழங்கள்

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளின் கணக்கு நோட்டில், சிவப்பு மையால் குறுக்கே அடிக்கப்பட்ட ஒரு விடை இருக்கிறது: "ஒவ்வொரு கடைக்கும் 0 மாம்பழங்கள்." நான் அந்த வரியை முதன்முதலில் பார்த்து ஆறு மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் அது என்னை விட்டபாடில்லை. கணக்கு இதுதான்: ஒரு பெட்டியில் 24 மாம்பழங்கள் உள்ளன. அத்தகைய 6 பெட்டிகளை வாங்கிய ஒரு வியாபாரி, அழுகிய 18 பழங்களை நீக்கிவிட்டு, மீதியை 9 கடைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார் எனில், ஒவ்வொரு கடைக்கும் கிடைத்த பழங்கள் எத்தனை? அவள் மூன்று வரிகளில் முடித்திருந்தாள். 24 - 6 = 18. 18 - 18 = 0. 0 ÷ 9 = 0. மூன்று வரிகளிலும் ஒரு பிழைகூட இல்லை. சுழியத்தை ஒன்பதால் வகுத்தால் சுழியமே வரும் என்பதில் பெரியவர்களே தடுமாறுவார்கள், அவள் தடுமாறவில்லை. அடியில் இரட்டைக் கோடு இழுத்து, "மாம்பழங்கள்" என்ற அலகையும் மறக்காமல் எழுதியிருந்தாள். அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு, ஒரு பழம்கூடக் கையில் இல்லாமல் அந்த வியாபாரி ஒன்பது கடைகளுக்கு எதைக் கொண்டு போனார் என்று கேட்டேன். அவள் என்னை ஏதோ விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "அது கணக்குப்பா" என்றாள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பது அவள் எண்ணம். கதையில் வரும் வியாபாரிக்கு நேர்வது வேறு, நோட்டில் எண்களுக்கு நேர்வது வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிற அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மூட்டை, எடை, கழிவு, வண்டி வாடகை எல்லாம் போக நிற்பது என்ன என்று பார்ப்பதே என் அன்றாட வேலை. ஆகவே ஒரு மாம்பழக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பதற்கு அரை மணி நேரம் போதும் என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் போயின. இரண்டாம் மாலை நான் குரலை உயர்த்தினேன், அவள் அழுதாள். அந்தப் பகுதியை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நோட்டின் கடைசிப் பக்கம்

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கான விடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே அழகாகக் கட்டம் போட்டு ஒரு பட்டியல் எழுதப்பட்டிருந்தது. மொத்தம், ஆக, சேர்த்து என்று வந்தால் கூட்டல். மீதி, நீக்கி, குறைவு, வித்தியாசம், போக என்று வந்தால் கழித்தல். வீதம், ஒவ்வொரு, மடங்கு என்று வந்தால் பெருக்கல். சமமாக, பங்கிட்டு, பிரித்து என்று வந்தால் வகுத்தல். இந்தப் பட்டியலை அவள் எப்படிப் பயன்படுத்தினாள் என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கினாள். 'நீக்கி' வந்திருக்கிறது, 'மீதி' வந்திருக்கிறது. ஆகவே இரண்டு கழித்தல். 'சமமாக' வந்திருக்கிறது; ஆகவே ஒரு வகுத்தல். 'ஒவ்வொரு'வும் வந்திருக்கிறது, ஆனால் நான்கு எண்களுக்கு நடுவில் மூன்று இடங்கள்தான் இருக்கின்றன, அவை நிரம்பிவிட்டன. ஆகவே அதை விட்டுவிட்டாள். எண்களை அவை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டாள். ஆசிரியர் ஓரத்தில் "கவனம் தேவை" என்று எழுதியிருந்தார். இதைவிடக் கவனமாக ஒரு பிள்ளையால் எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

ஆசிரியரைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொற்கணக்கு நடத்துகிறவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டும் என்று நினைப்பது இயல்பு. இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஒரு கணக்குக்கு ஒரு செய்கைதான். அப்போதே சில கணக்குகள் காலை வாரும். குமாரிடம் 15 கோலிகள் உள்ளன, அது முருகனிடம் உள்ளதைவிட 6 அதிகம் எனில் முருகனிடம் எத்தனை என்று கேட்டால், 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 21 என்று எழுதுகிற பிள்ளைகளே மிகுதி, விடை 9. ஆனாலும் பத்துக்கு ஒன்று தவறினால் யாரும் பட்டியலைச் சந்தேகிப்பதில்லை. சந்தேகம் வராமலே பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்துவிடுகிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு விசித்திரமான கேள்வி கொடுக்கப்பட்டது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 76 பிள்ளைகள் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்பட்ட நாடு தழுவிய தேர்வில், ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம் என்றால் 1,128 படைவீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று கேட்டார்கள். பத்தில் ஏழு பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் "31 மீதி 12" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு வீரர்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவில்லை. "அது கணக்குப்பா" என்று என் மகள் சொன்னதை அவர்கள் தத்தம் மொழியில் சொல்லியிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் செய்முறையை மட்டும் கையில் கொடுக்கிற பழக்கம் பழையதுதான். காரி நாயனாரின் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் வழி ஒன்று இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். அதுவும் இரண்டு படிக் கணக்கு. ஆனால் ஆறால் பெருக்கி வந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. அது முள்ளும் அல்ல, சுளையும் அல்ல, போகிற வழியில் மிதிக்கிற ஒரு கல் மட்டுமே. என் மகள் எழுதிய 24 - 6 = 18 என்ற வரியும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பதினெட்டு என்ன என்று கேட்டேன். "பதினெட்டுதான்" என்றாள்.

கதையில் யாரும் பெருக்கவில்லை

அந்தக் கணக்கின் வாக்கியத்தை நான் பல முறை படித்துப் பார்த்தேன். நம் பாடநூல் கணக்குகளுக்கென்றே ஒரு நடை உருவாகியிருக்கிறது. வாங்கிய, நீக்கிவிட்டு, பிரித்துக் கொடுத்தார் என்று வினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, 'எனில்' என்ற சொல்லில் வந்து முட்டி, கடைசியில் கேள்வி வரும். வீட்டில் யாரும் 'எனில்' என்று பேசுவதில்லை. அந்தச் சொல்லைக் கண்டதுமே பிள்ளைக்குத் தான் வேறோர் உலகத்துக்குள் நுழைந்துவிட்டது தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் அது பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. என் மகளுக்கு அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் புரிந்துதான் இருந்தது.

தடை வேறோர் இடத்தில் இருந்தது. அழுகிய பழங்களை வியாபாரி நீக்குகிறார். ஆகவே கழித்தலுக்கு ஒரு வினைச்சொல் இருக்கிறது. கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். ஆகவே வகுத்தலுக்கும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. பெருக்கலுக்கு மட்டும் எதுவும் இல்லை. கதையில் யாரும் எதையும் பெருக்கவில்லை. வியாபாரி ஆறு பெட்டிகளை வாங்கினார், அவ்வளவுதான். அவற்றில் மொத்தம் 144 பழங்கள் இருந்தன என்பது கதையில் நடக்கிற ஒரு நிகழ்ச்சி இல்லை. படிக்கிறவர் தானாக உணர வேண்டிய ஒரு நிலைமை. சொற்களைத் துழாவித் தேடுகிற பிள்ளைக்கு அது அகப்படவே அகப்படாது, ஏனென்றால் அது அங்கே எழுதப்படவில்லை. பல படிக் கணக்குகளில் முதல் படியோ நடுப் படியோ பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படாமல் கிடக்கிறது. கணக்கை எழுதுகிறவர்கள் அதைச் சுருக்கத்துக்காக விட்டுவிடுகிறார்கள், அல்லது அதுதான் சோதனை என்று வேண்டுமென்றே ஒளித்துவைக்கிறார்கள்.

முட்டை நாற்பத்திரண்டு, பிரெட்டு நாற்பத்தஞ்சு

இதே பிள்ளையை 100 ரூபாய் கொடுத்துத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினால், ஆறு முட்டையும் ஒரு பிரெட்டும் வாங்கிக்கொண்டு 11 ரூபாயை என் கையில் வைப்பாள். முட்டை ஒன்று 7 ரூபாய், பிரெட் 45 ரூபாய் என்றால் 13 ரூபாய் அல்லவா மிஞ்ச வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே, 2 ரூபாய்க்குக் கடலை மிட்டாய் வாங்கிவிட்டதாக ஒப்புக்கொள்வாள். பெருக்கல், கூட்டல், கழித்தல், மறுபடியும் ஒரு கழித்தல். நான்கு படிகள். நோட்டில் இரண்டாம் படியில் தடுக்கி விழுகிறவள் இங்கே தடுக்குவதில்லை.

இந்த வியப்பு எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்துவந்த 9 முதல் 15 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளை வைத்து ஆய்வாளர் தெரெசின்யா நூனெஸும் அவருடைய இரண்டு தோழர்களும் செய்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. வியாபாரத்தின் நடுவே வாடிக்கையாளர்போலக் கேட்டபோது அவர்கள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே அளவிலான கணக்குகளைக் கதையாக்கிக் கொடுத்தபோது அது 74 ஆனது. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 ஆனது. ஒன்று 35 குருசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்) விலையில் பத்து தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு 12 வயதுப் பையன் ஒருவன், பத்துக்கு ஒரு சுழியத்தைப் பின்னால் சேர்க்கிற பள்ளி வழியைத் தொடவே இல்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, இன்னும் ஒன்று, 350 என்று கூட்டிக்கொண்டே போனான்.

இதைப் படிக்கிறவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள், கணக்கு தானாக வந்துவிடும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் குலைத்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்குகளை மனத்திலேயே போட்டார்கள்; பள்ளியில் தருவதுபோன்ற எளிய கணக்குகளில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதற்கு நேர்மாறாக, தாளில் செய்ததைச் சந்தையில் செய்ய முடியாமல் நின்றார்கள். ஒன்றில் பெற்றது மற்றொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. ஆற்றின் இரண்டு கரைகளிலும் ஆள் இருக்கிறது, பாலம் மட்டும் இல்லை.

பாலம் ஏன் இல்லை என்பதை நான் கடை வாசலில் நின்றபோதுதான் கொஞ்சம் ஊகித்தேன். அண்ணாச்சி முட்டைகளைத் தாளில் பொதிந்து பலகைமேல் வைத்துக்கொண்டே "முட்டை நாற்பத்திரண்டு" என்றார். பிரெட்டை அதன் பக்கத்தில் வைத்து "பிரெட்டு நாற்பத்தஞ்சு, ஆக எண்பத்தேழு" என்றார். நூறு ரூபாய்த் தாளை வாங்கி, "எண்பத்தேழு போக" என்று சொல்லிக்கொண்டே சில்லறையை எடுத்தார். கடையில் ஒவ்வொரு நடு எண்ணும் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. சொல்லப்படும்போது அதற்குரிய பொருள் கண்முன் இருக்கிறது. என் மகள் நான்கு படிகளைக் கண்டுபிடிக்கவில்லை. கடையின் நடைமுறையே அவற்றை ஒவ்வொன்றாக அவள் முன்னால் எடுத்துவைத்தது.

"அது கேக்கலியே ஆச்சி"

மூன்றாம் மாலை, நான் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, என் குரல் மறுபடியும் ஏறுவதைக் கேட்டு, "ஏட்டி, இங்க வா. அவன் கெடக்கான். அந்தக் கணக்க வாசி" என்றார். அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரையும்போல முப்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, அதில் சரியில்லை என்று கடையில் ஒதுக்கிய பீடி போக, குறைந்துபோன இலைக்குப் பிடித்தது போக, வாரக் கூலி எவ்வளவு என்பதைக் கடைக்காரர் எழுதி முடிப்பதற்குள் வாயால் சொல்லிவிடுவார் என்று கேட்டிருக்கிறேன்.

மகள் கணக்கை வாசித்தாள். அம்மா மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, முறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "வண்டி வந்து நின்னாச்சு. பெட்டி எல்லாத்தையும் எறக்கியாச்சு. பிரிச்சுத் தரையில கொட்டியாச்சு. இப்பம் தரையில எவ்வளவு பழம் கெடக்கு?"

மகள் நோட்டைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். பிறகு, குற்றம் எதுவும் தன்மேல் இல்லை என்ற தெளிவோடு, "அது கேக்கலியே ஆச்சி" என்றாள்.

"அவன் கேக்கலன்னா என்னட்டி? நான் கேக்கேன்லா?"

கொஞ்ச நேரம் அமைதி. மகளின் விரல்கள் பாயின்மேல் அசைந்தன. ரெண்டு பெட்டி நாற்பத்தெட்டு. நாலு பெட்டி தொண்ணூற்றாறு. ஆறு பெட்டி, நூற்று நாற்பத்துநாலு. ரெசிஃபியின் தேங்காய்க்காரப் பையன் என் வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தான். "அழுகினத ஓரமா ஒதுக்கிப் போடு. இப்பம் நல்ல பழம் எவ்வளவு?" நூற்று இருபத்தாறு. "சரி, ஒம்பது கடைக்கு எடுத்து வையி." அவள் முதலில் கடைக்குப் பத்துப் பத்தாக வைத்தாள், தொண்ணூறு போயிற்று, மீதி முப்பத்தாறு, கடைக்கு நாலு நாலாக வைத்தாள். பதினாலு. முறத்தில் இருந்த அவரைக்காய்களைப் பார்த்துக்கொண்டே "பதினாலு பழம் ஆச்சி" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துத் தான் எழுதியிருந்த சுழியத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எனக்கு அந்த விடையைவிட "அது கேக்கலியே" என்ற சொல்தான் மனத்தில் தங்கிப்போனது. பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாள்முதல் கேள்வி கேட்பது அவள் வேலையாக இருந்ததில்லை. புத்தகம் கேட்கும், ஆசிரியர் கேட்பார், தேர்வுத்தாள் கேட்கும், வீட்டில் நான் கேட்பேன்; விடை சொல்வது மட்டுமே அவள் பங்கு. ஒரு படிக் கணக்கு வரைக்கும் இந்த ஏற்பாட்டில் சிக்கல் இல்லை. இரண்டாம் படி வந்தவுடன், எவரும் கேட்காத ஒரு கேள்வியை அவளே கேட்டு, அதற்கு அவளே விடை சொல்லி, அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகம் கேட்ட கேள்விக்குப் போக வேண்டியிருக்கிறது. இது கூட்டல் கழித்தலின் அடுத்த கட்டம் அல்ல, முற்றிலும் புதிய வேலை. இந்த வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மூன்று மாலைகளாக நானும் சொல்லவில்லை. "முதலில் பெருக்கு, பிறகு கழி" என்று செய்கையைச் சொன்னேனே தவிர, கேள்வியைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வகுக்கத் தெரிகிறதா என்று நாம் நிறைய விவாதிக்கிறோம். 2005 முதல் நடக்கும் பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் கல்வி நிலை ஆய்விலும் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள், அந்த எண்ணிக்கை செய்தித்தாளில் வருகிறது. தேவையான சோதனைதான். ஆனால் என் மகள் அதில் தேறிவிடுவாள்.

எண்ணுக்குப் பெயர்

அதற்குப் பிறகு நாங்கள் கணக்குப் போடும் விதம் மாறியது. கடைசிக் கேள்வியை நான் கையால் மறைத்துக்கொள்வேன். மேலே உள்ளதை வைத்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று அவள் சொல்ல வேண்டும். அவள் எழுதுகிற ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பெயரை எழுத வேண்டும்: 144, தரையில் கிடக்கும் பழம், 126, நல்ல பழம். பெயர் எழுதத் தொடங்கியதும் பழைய பிழைகள் பல தாமாகவே நின்றன. 24 பழத்திலிருந்து 6 பெட்டியைக் கழிக்கப் போகும்போது கை தானாக நின்றுவிடும்.

எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். இரண்டாம் வாரத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "பழத்துலேருந்து பெட்டியக் கழிக்கக் கூடாதுன்னா, பழத்தையும் பெட்டியையும் பெருக்க மட்டும் எப்படிப்பா செய்யலாம்?" நான் அசந்துபோனேன். இருபது ஆண்டுகளாக மூட்டையையும் விலையையும் பெருக்கி வருகிற எனக்கு இந்தச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. அன்று இரவு யோசித்து மறுநாள் சொன்னேன்: அந்த 24 வெறும் பழம் அல்ல, பெட்டிக்கு 24 பழம். 'வீதம்' என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே, அது இதைத்தான் சொல்கிறது. அவள் பாதி ஏற்றுக்கொண்டாள். அந்தப் பாதி போதும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு தொல்லையும் வந்தது. கேள்வியை மறைத்தால் தேவையற்றதையெல்லாம் கண்டுபிடித்து எழுதத் தொடங்கினாள். ஒரு கணக்கில் அழுகிய பழம் பெட்டிக்கு 3 என்றும் எழுதிவைத்தாள். கணக்கைப் பொறுத்தவரை வீண் வேலை, தேர்வில் நேரம் போய்விடும். எனக்கு அது பிடித்திருந்தது, தடுக்கவில்லை.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980-களிலிருந்து இதற்குப் பட்டை வரையும் முறை ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள். தெரிந்த அளவுகளையும் தெரியாத அளவுகளையும் நீளமான கட்டங்களாக வரைந்தால், எழுதப்படாத நடு அளவு ஒரு வெற்றுக் கட்டமாகக் கண்ணில் பட்டுவிடும். அங்கேயும் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. 2021-இல் அங்கு நடந்த தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் வந்த ஒரு கணக்கு பெற்றோர்களிடையே பெரும் பேச்சாயிற்று. ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் இருக்கின்றன. எல்லாம் 50 காசு அல்லது 20 காசு. ஹெலனிடம் 20 காசு நாணயங்கள் 64, ஐவனிடம் 104. யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? படித்தவுடன் 50 காசுகள் எத்தனை என்று தேடத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இருவருடைய நாணயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எத்தனை இடங்களில் வேறுபடும்? 40 இடங்களில். ஒவ்வோர் இடத்திலும் ஹெலனிடம் 50, ஐவனிடம் 20. வித்தியாசம் 30 காசு. ஆக 1,200 காசு, அதாவது 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஹெலனிடம் அதிகம். பெருக்கல் என்னவோ நாற்பது முப்பதுதான். இதை என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஐம்பது காசு எத்தனன்னு சொல்லாம எப்படிடா?" என்று கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "ரெண்டு பேரையும் எதிர் எதிரா ஒக்காத்தி வச்சிப் பாக்கணும், என்ன?" என்றார். மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சென்ற வாரம் வேறொன்றைச் செய்து பார்த்தோம். கணக்கைக் கொடுத்து வழியைக் கேட்பதற்குப் பதிலாக, வழியைக் கொடுத்துக் கணக்கை எழுதச் சொன்னேன். எந்த வழியை எடுத்துக்கொள்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் பழைய நோட்டைத் திருப்பி, சிவப்புக் கோடு விழுந்த அந்த மூன்று வரிகளைத் தேர்ந்துகொண்டாள். அரை மணி நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு எழுதிக் கொண்டுவந்தாள்: "ஒரு வியாபாரி 24 மாம்பழங்கள் உள்ள ஒரு பெட்டியை வாங்கினார். 6 பழங்களைக் குரங்கு தின்றுவிட்டது. மீதியில் 18 பழங்கள் அழுகிவிட்டன. நல்ல பழங்களை 9 கடைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார் எனில் ஒவ்வொரு கடைக்கும் எத்தனை?" 24 பழம், 6 பழம், 18 பழம், எல்லா எண்ணுக்கும் பெயர் இருந்தது. விடை 0.

ஆச்சியிடம் வாசித்துக் காட்டினாள். அம்மா கேட்டு முடித்துவிட்டு, "ஒரு பெட்டிதான வாங்குனான், அதுக்கு எதுக்குட்டி ஒம்பது கட?" என்றார். மகள் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அழிப்பானை எடுக்கும் சத்தம் கேட்டது.